கால்நடை கேள்வி – பதில்: ஓயாத தும்மலும் மூக்குப் புழுவும்

கேள்வி: வெள்ளாடுகளையும் செம்மறிகளையும் ஒன்றாக மேய்க்கிறேன். ஒரு மாதமாகச் சில ஆடுகள் ஓயாமல் தும்முகின்றன. கெட்டியான சளி, சில நேரம் இரத்தம் கலந்து ஒழுகுகிறது. சளிக்கு ஊசி போட்டும் குறையவில்லை. சென்ற வாரம் ஓர் ஆடு தும்மியபோது தடித்த புழு ஒன்று வெளியே விழுந்தது. இது என்ன நோய்?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: விழுந்த புழுவே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அது ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்னும் மூக்கு ஈயின் முற்றிய புழுவாகவே இருக்க வேண்டும். தேனீயைப் போலத் தோன்றும் சாம்பல் நிறமான இந்த ஈ கடிப்பதில்லை. வெயில் ஏறிய நேரத்தில் பறந்தபடியே ஆட்டின் மூக்குத் துளையில், ஒரு மில்லிமீட்டர் அளவேயான உயிருள்ள புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகிறது. அவ்வேளையில் ஆடுகள் மேய்ச்சலை விட்டு நெருங்கி நின்று, மூக்கைத் தரையோடு வைத்தோ பக்கத்து ஆட்டின் விலாவில் புதைத்தோ நிற்பதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். உள்ளே சென்ற புழுக்கள் வாய்க்கொக்கிகளாலும் உடல் முட்களாலும் சவ்வை உறுத்திக்கொண்டே நெற்றி எலும்பின் காற்றறை வரை ஏறி, சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை அங்கே வளர்ந்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமானதும் கீழிறங்கித் தும்மலோடு வெளியேறுகின்றன. அவை உள்ளே இருக்கும்வரை சளிக்கான ஊசி எப்படிப் பலிக்கும்?

ஐவர்மெக்டின் மருந்தைக் கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் வீதம் தோலுக்கடியில் செலுத்துவது நல்ல பலன் தரும். கால்நடை மருத்துவரைக் கொண்டு மந்தை முழுவதற்கும் ஒரே சமயத்தில் போடச் செய்யுங்கள். பொதுவாக வெள்ளாட்டைவிடச் செம்மறியிலேயே புழு மிகுதி என்பதால் அவற்றை விட்டுவிடக் கூடாது. மருந்துப் புட்டியில் குறித்துள்ள நாட்கள் கழியும்வரை இறைச்சிக்கு விற்க வேண்டாம். கறவை ஆடுகளுக்கு மருத்துவர் சொற்படி நடங்கள். மண்ணெண்ணெயை மூக்கில் ஊற்றும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது; அது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆட்டின் உயிருக்கே ஆபத்து. கீழே விழும் புழுக்களை அப்படியே விட்டால் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி ஈயாக வெளிவரும் என்பதால், உடனே நசுக்கிவிடுங்கள்.

ஆனால் ஓர் ஆட்டுக்கு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, கழிச்சலோ சேர்ந்து கண்டால், அதை ஆட்டுக்கொல்லி நோயாகக் கருதி அன்றே தனியே கட்டி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இந்த ஈயால் மேய்ப்பவருக்குத் தீங்கு உண்டா?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: உண்டு. அரிதாக மனிதரின் கண்ணிலும் இது புழுக்களை இட்டுவிடும். அவை அங்கே முழுமையாக வளர்வதில்லை. எனினும் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், சிவப்பு, நீர் வடிதல் ஆகியவை ஏற்படும். கண்ணைக் கசக்காமல் கண் மருத்துவரிடம் சென்றால், மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்திட்டு இடுக்கியால் எடுத்துவிடுவார்.