சின்னக் கட்டிக்கு எப்படி மூன்றாம் நிலை?

சிறுநீரகப் புற்றுநோய் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஸ்கேன் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். வயிற்று வலிக்காக என் கணவருக்கு எடுத்த அல்ட்ராசவுண்டில், வலது சிறுநீரகத்தில் கட்டி இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் 5.2 செ.மீ. என்று போட்டிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு 8 செ.மீ. கட்டி; இரண்டாம் நிலை என்றார்கள். என் கணவருக்கு மட்டும் மூன்றாம் நிலை என்கிறார்கள். அளந்ததில் பிழையா? ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: அளந்தவர் மேல் பிழையில்லை, அம்மா. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் 5.2 என்ற எண்ணுக்கு இரண்டு வரி கீழே பாருங்கள். வலது சிறுநீரகச் சிரைக்குள், அதாவது சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு போகும் குழாய்க்குள், கட்டி நீண்டிருக்கிறது, அந்தச் சிரை போய்ச் சேரும் கீழ்ப்பெருஞ்சிரையை எட்டவில்லை என்று எழுதியிருக்கிறது. மூன்றாம் நிலை அந்த வரியிலிருந்து வந்தது.

கட்டி சிறுநீரகத்துக்குள் அடங்கியிருக்கும் வரைதான் சென்டிமீட்டருக்கு மரியாதை. 7 செ.மீ. வரை முதல் நிலை, அதற்கு மேல் இரண்டாம் நிலை. 4 செ.மீ.யிலும் 10 செ.மீ.யிலும் உட்பிரிவுக் கோடுகள் உண்டு. 4க்குள் இருந்தால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் முதலில் யோசிப்பார்கள். ஆனால் சிரைக்குள் நுழைந்தாலும், சுற்றியிருக்கும் கொழுப்பில் பரவினாலும், பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போனாலும் மூன்றாம் நிலைதான், கட்டி 3 செ.மீ. ஆனாலும் சரி. அந்தக் கொழுப்பையும் சேர்த்துப் போர்த்தியிருக்கும் உறையைத் தாண்டினாலோ, நுரையீரல், எலும்பு என்று தொலைவுக்குப் போய்விட்டாலோ நான்காம் நிலை.

சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சிரைக்குள் ஊர்ந்து போகும் குணம் அதிகம். அதனால் சிறுநீரக சி.டி. என் மேஜைக்கு வந்தால் கட்டியை அப்புறம்தான் பார்ப்பேன், சிரைதான் முதலில். வலது சிரை குட்டையானது, இடது நீளமானது. வலப்பக்கக் கட்டி நீண்டால், கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் கீழ்ப்பெருஞ்சிரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே புகுந்தால் எந்த உயரம் வரை என்று சொல்லியாக வேண்டும்: கல்லீரலுக்குக் கீழா, பின்னாலா, உதரவிதானத்தைத் தாண்டி இதயத்தின் வாசல் வரையா? அறுவை சிகிச்சை நிபுணர் சிரையை எங்கே கவ்வி நிறுத்துவது, இதய அறுவை நிபுணரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதா என்பதெல்லாம் அந்த ஒரு வரியை நம்பித்தான் நடக்கிறது. 'சிரையில் அடைப்பு உள்ளது' என்று மொட்டையாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடும் ரிப்போர்ட்டுகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உங்கள் ரிப்போர்ட் அப்படிப்பட்டதல்ல. உங்கள் கணவருக்குத் தொலைவில் எங்கும் பரவவில்லை என்றால், முழுவதையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுவதுதான் திட்டமாக இருக்கும்.

கேள்வி: ஒரே நாளில், ஒரே வயிற்றை, ஊசி போடுவதற்கு முன்பும் பின்பும் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். கதிர்வீச்சு ஏறாதா? இத்தனை தேவையா?

பதில்: கதிர்வீச்சு ஏறத்தான் செய்யும். அதனால்தான் காரணமில்லாமல் ஒரு சுற்றுகூட எடுக்கக் கூடாது. இங்கே ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

ஊசிக்கு முந்தைய படம் ஒப்பிடுவதற்கு. சி.டி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. ரத்தத்தைப் படத்தில் வெண்மையாகக் காட்டுவதற்காக ஊசியில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்து போன பிறகு கட்டியின் எண் 35இலிருந்து 110க்கு ஏறினால், அதற்குள் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். ஏற்றம் 10க்குள் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் நீர்க்கட்டி. ஏற்றம் 20க்கு மேல் போனால் சந்தேகப்படுவோம். முன்படம் இல்லாவிட்டால் எதிலிருந்து ஏறியது என்று எப்படிச் சொல்வது?

மருந்து போன அரை நிமிடத்தில் எடுப்பதில் தமனிகள் பளிச்சென்று தெரியும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. அந்த நொடியில் சிறுநீரகத்திலிருந்து திரும்பும் ரத்தம் மருந்தோடு வெண்மையாக வருகிறது. கால்களிலிருந்து ஏறும் ரத்தத்தில் இன்னும் மருந்து இல்லை. கலங்கிய ஆறும் தெளிந்த ஆறும் கூடுமிடம் போல, இரண்டும் கலக்காமல் ஓடுவதால் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் ஏதோ அடைத்திருப்பதாகவே தோன்றும். ஏறத்தாழ 100 நொடியில் எடுக்கும் அடுத்த சுற்றில் ரத்தம் கலந்து சீராகிவிடும், போலி அடைப்பு காணாமல் போகும். உண்மையான அடைப்பு அங்கேயே நிற்கும். அதுவும் மருந்தை வாங்கி வெளுத்திருந்தால் கட்டியின் நீட்சி. வெளுக்காவிட்டால் வெறும் ரத்தக் கட்டாக இருக்கலாம். சிறுநீரகத்தின் உள்பகுதியில் ஒளிந்திருக்கும் சிறு கட்டிகளும் இந்தச் சுற்றில்தான் அகப்படும். அதன் பிறகும் அடைப்பின் மேல்முனை தெளிவில்லை என்றாலோ, காண்ட்ராஸ்ட் ஒவ்வாமை இருந்தாலோ எம்.ஆர்.ஐ. பக்கம் போவோம்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்கேனில் முதல் நிலை என்றார்கள். சிறுநீரகத்தை எடுத்த பிறகு வந்த திசு ரிப்போர்ட்டில் மூன்றாம் நிலை, கிரேடு 2 என்று இருக்கிறது. இரண்டு வாரத்தில் நோய் முற்றிவிட்டதா?

பதில்: இல்லை, தம்பி. அது அப்போதே அங்கே இருந்திருக்கும். ஸ்கேனின் கண்ணுக்கு எட்டவில்லை. சிறுநீரகத்தின் நடுக்குழியில் இருக்கும் கொழுப்புக்குள் கட்டி லேசாக நுழைந்தால், படத்தில் அது பெரும்பாலும் தெரியாது. சுற்றுக் கொழுப்பில் நூல் நூலாகத் தெரியும் கோடுகளும் குழப்பும். வெறும் வீக்கமும் அப்படித்தான் தெரியும். 1 செ.மீ.க்கு மேல் பெருத்த நிணநீர்க் கணுகூட வெட்டிப் பார்த்தால் சாதாரணமாக இருப்பதுண்டு. எனவே திசு ரிப்போர்ட் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள். கிரேடு தனிக் கணக்கு. நுண்ணோக்கியில் செல்கள் தெரியும் விதத்தை வைத்து 1 முதல் 4 வரை கொடுப்பார்கள்.

கேள்வி: எங்களுக்கு பெட் ஸ்கேன் எழுதவே இல்லை. நாங்களே கேட்டு வாங்கலாமா?

பதில்: அவசியமில்லை. வழக்கமான பெட் ஸ்கேனில் செலுத்தும் சர்க்கரை மருந்து சேரும் இடம் படத்தில் பிரகாசிக்கும்; அந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகமே பிரகாசிக்கும்போது அதிலுள்ள கட்டியை எங்கே தேடுவது? தவிர, சில சிறுநீரகக் கட்டிகள் அந்த மருந்தை அதிகம் இழுப்பதுமில்லை. எலும்பு வலி இருந்தால் எலும்பு ஸ்கேன், விடாத தலைவலியோ வலிப்போ இருந்தால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. என்று தேவையைப் பார்த்து எழுதுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மார்புக்கு சி.டி. எடுத்தாயிற்றா என்பதை. இந்த நோய் பரவினால் அதிகம் போவது நுரையீரலுக்கு. வயிற்று ஸ்கேனில் அதன் அடிப்பகுதி மட்டுமே தெரியும்.