அண்ணன் கூட்டிவந்த மதிப்பீட்டாளர் சொன்னதே முடிவா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா அம்மா இருவரும் இல்லை, உயிலும் இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி என்று பாலக்காடு சப் கோர்ட்டில் முதல்நிலைத் தீர்ப்பு (யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்வது) ஆகிவிட்டது. பிரித்துக் கொடுக்கக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர், வேலந்தாவளம் ரோட்டை ஒட்டிய முன்பக்க ஏக்கரை அண்ணனுக்கும், பின்பக்க ஏக்கரை எனக்கும் ஒதுக்கிவிட்டார். 'முழுத் தோப்பும் சென்ட் 45,000 ரூபாய்' என்று அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து கூட்டிவந்த மதிப்பீட்டாளர் எழுதிய ரிப்போர்ட்டை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். என் பக்கத்தில் பாதி பள்ளம், மழையில் தண்ணீர் நிற்கும். முன்பக்க மரங்கள் கள்ளுக்கு விட்டவை. 'எக்ஸ்பர்ட் சொன்ன பிறகு கோர்ட் மாற்றாது' என்கிறார் அண்ணன். உண்மையா?

பதில்: மாற்றும். ஆனால் நீங்கள் சும்மா இருந்தால் மாற்றாது. அண்ணன் தைரியமாகப் பேசுவது இந்த இரண்டாவது பாதியை நம்பித்தான்.

நிபுணர் சொல்வது ஒரு கருத்து, அவ்வளவுதான். பழைய சாட்சியச் சட்டத்தில் 45-ம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 39. அந்தக் கருத்துக்கு என்ன காரணம் என்பதும் சாட்சியமாகும் என்று சொல்லும் பிரிவு புதிய சட்டத்தில் 45. (எண் மாறிப்போனதில் வக்கீல்களே தடுமாறுகிறோம். உங்கள் வழக்கு அந்தத் தேதிக்கு முன்பே நடப்பில் இருந்தால் பழைய சட்டம்தான்.) இமாசலப் பிரதேச ஆப்பிள் தோட்ட வழக்கு ஒன்றில், தோட்டங்களில் எவ்வளவு காய்க்கும் என்று தோட்டக்கலை அதிகாரி கொடுத்த கணக்கை 1999-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முடிவை மட்டும் சொன்னால் போதாது, அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுகோலையும் நீதிபதி கையில் நிபுணர் கொடுக்க வேண்டும் என்றது. ஒரே வரியில் 'சென்ட் 45,000' என்று எழுதியவரிடம் என்ன அளவுகோல் இருக்கிறது?

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே விலை என்பதை நான் இங்கே உட்கார்ந்தே நம்ப மாட்டேன். நிலம் எடுப்பு வழக்குகளில் இன்றும் எல்லோரும் காட்டுவது 1988-ன் சிமன்லால் ஹர்கோவிந்த்தாஸ் தீர்ப்பு. ரோட்டை ஒட்டியிருப்பது, முகப்பு அகலம், நல்ல வடிவம் எல்லாம் விலையைக் கூட்டும். உள்ளே தள்ளியிருப்பது, பள்ளமாக இருந்து மண் அடிக்க வேண்டியது எல்லாம் குறைக்கும் என்று அது கணக்கே போட்டுக் காட்டுகிறது. உங்கள் தோப்பைப் பார்த்து எழுதியது போல இருக்கும், படித்துப் பாருங்கள்.

இனி உங்கள் ஊருக்கே உரிய இரண்டு விஷயம். ரிப்போர்ட்டின் ஓட்டை இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஒன்று, 'நிலம்' என்ற சொல். நமக்குத் தோப்பும் நிலம், காடும் நிலம். கேரள வில்லேஜ் ஆபீஸின் அடிப்படை வரிப் பதிவேட்டில் அப்படி இல்லை. அங்கே 'நிலம்' என்றால் நெல் வயல். வீடு கட்டும் மேட்டு பூமி 'புரயிடம்'. உங்கள் பின்பக்கத்துப் பள்ளம் பதிவேட்டில் 'நிலம்' என்று கிடந்தால், மேலே தென்னை நின்றாலும், 2008-ன் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். அந்தச் சட்டப்படி வைத்திருக்கும் நெல்வயல் பட்டியலான டேட்டா பேங்கிலும் ஏறியிருந்தால் அதை நீக்கி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாங்குகிறவன் அதற்குத் தகுந்தபடி குறைத்துத்தான் கேட்பான். பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர் ஆதாரத்தில் (பத்திரத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) 'நிலம்' என்று பார்த்ததும் நம்ம ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கலாம். நாளைக்கே வில்லேஜ் ஆபீஸ் போய் இரண்டு பக்கத்துக்கும் பதிவேட்டு நகல் வாங்குங்கள். டேட்டா பேங்கில் சர்வே எண் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கேளுங்கள்.

இரண்டாவது, கள்ளு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அந்தப் பக்கத்து மதிப்பீட்டாளருக்குத் தென்னை என்றால் காய்தான்: மரத்துக்கு இத்தனை காய், காய்க்கு இத்தனை ரூபாய். சித்தூர் தாலுகாவில் கள்ளுக்கு விட்ட மரத்தின் வருமானம் வேறு கணக்கு என்பது உங்களுக்கே தெரியும். எத்தனை மரம், வருஷத்துக்கு மரத்துக்கு எவ்வளவு வாடகை, யார் கையெழுத்து என்று ரசீதுகளைச் சேருங்கள். அந்த வாடகையை இத்தனை நாள் அண்ணன் மட்டும் வாங்கியிருந்தால் அது தனிக் கேள்வி. வருமானப் பங்கைப் பற்றித் தீர்ப்பில் ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

கமிஷனர் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 26-ன்படி அது வழக்கில் சாட்சியமாகவே சேரும். ஆனால் அதே ஆர்டரில் வழியும் இருக்கிறது. கோர்ட் கொடுக்கும் தவணைக்குள் எழுத்தில் ஆட்சேபம் போடுங்கள். கமிஷனரைக் கூண்டில் விசாரிக்க அனுமதி கேட்டு மனுப் போடுங்கள். மதிப்பீட்டாளர் அண்ணனின் ஆள். கமிஷனர் ஒட்டிக்கொண்டதால் அவர் காகிதம் கோர்ட் காகிதம் ஆகிவிடாது. எழுதியவர் வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்கட்டும் என்று கேளுங்கள். புதுக் கமிஷனர் வேண்டும் என்று நேராகக் கேட்காதீர்கள். முதல் அறிக்கையை ரத்து செய்யாமல் இரண்டாவது கமிஷன் கூடாது என்பதுதான் கேரள உயர் நீதிமன்றத்தின் நிலை. அதனால் ரத்து செய்யவோ, திருத்தித் தரும்படி திருப்பி அனுப்பவோ கேட்க வேண்டும். பங்குகளின் மதிப்பில் வித்தியாசம் வந்தால் ஈடுகட்டப் பணம் கொடுக்கச் சொல்லவும் அதே ஆர்டரில் இடம் உண்டு. பின்பக்கமே உங்களுக்கு என்று முடிந்தாலும் அண்ணனிடமிருந்து ரூபாய் வரும்.

கூண்டில் என்ன கேட்பது? பெரிய கேள்விகள் வேண்டாம். என்றைக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு, தோப்பின் பின் மூலை வரை நடந்தீர்களா, பள்ளத்தின் ஆழம் எவ்வளவு, மரம் எத்தனை எண்ணினீர்கள், எந்தெந்தக் கிரய ஆதாரத்தை வைத்து 45,000 வந்தது, அவை எத்தனை சென்ட், ரோட்டோரமா உள்ளேயா. முன்பொரு வழக்கில் பெரிய பட்டம் போட்ட ஒருவரிடம் 'கிணறு எந்தப் பக்கம் சார்?' என்று மட்டும் கேட்டேன். அரை நிமிஷம் எங்கள் கட்சிக்காரர் முகத்தையே பார்த்தார். அன்றைக்கு மழை, காரை விட்டு இறங்கவே இல்லை என்பது நாலாவது கேள்வியில் வெளியே வந்தது.

45,000 என்பது அரசின் நியாய விலையைப் பார்த்து எழுதியதா என்றும் பார்த்துவிடுங்கள். முத்திரைக் கட்டணத்துக்காக வைத்திருக்கும் மதிப்பு சந்தை விலைக்கு அடிப்படை ஆகாது என்று அப்போது ஆந்திராவில் இருந்த அடிலாபாத் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் தரப்புக்கும் ஒரு மதிப்பீட்டாளர் வேண்டும். பதிவு பெற்றவராக இருந்தால் நல்லது, ஆனால் அந்தச் சான்றிதழ் மட்டும் காப்பாற்றாது. பாலக்காடு பக்கத்து ரெக்கார்டு படிக்கத் தெரிந்தவராக, கூண்டில் ஏறத் தயங்காதவராகப் பாருங்கள். தலைமை விசாரணை, அதாவது நம் தரப்பில் அவர் சொல்வது, பிரமாணப் பத்திரத்தில் முடிந்துவிடும், குறுக்கு விசாரணைக்கு அவர்தான் நிற்க வேண்டும். கூலியை மொத்தமாகப் பேசி ரசீது வாங்குங்கள். 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்று பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைக் கேட்டு வாங்கினால் அவர் சாட்சி அங்கேயே செத்தது. அப்புறம், தோப்பை வருமானக் கணக்கில் மதிப்பிட்டுவிட்டு மரத்தின் விலையைத் தனியாகக் கூட்ட விடாதீர்கள். அது இரட்டைக் கணக்கு. அண்ணனின் வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

ஆட்சேபத்துக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். மழை விடுவதற்குள் பின்பக்கத்தில் தண்ணீர் நிற்பதையும் தேதி விழும்படி போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.