கீமோ போட்டு ஊர் திரும்பிய பின்: லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) கேள்வி-பதில்

பாம்பன் வாசகர்: மாமாவுக்கு மதுரையில் ஆர்-சாப் என்ற லிம்போமா கூட்டு மருந்து ஏறுகிறது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்து, பாராசிட்டமாலில் இறங்கிவிட்டது. அப்படியே விடலாமா?

விடக் கூடாது. மருந்து ஏறிய நாளிலிருந்து ஏறக்குறைய 7 முதல் 14 நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் கிடக்கும். அப்போது கிருமி ரத்தத்தில் கலந்தாலும் சீழோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. மாத்திரை அந்தத் துப்பை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே கிளம்புங்கள். விடியட்டும், மதுரைக்கே போவோம் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய், “கீமோ போட்டு ஒன்பதாம் நாள்” என்பதை முதலில் சொல்லுங்கள். ரத்தம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். மதுரைப் பயணமெல்லாம் அதற்குப் பிறகுதான். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனிலும் படமெடுத்து வைத்திருங்கள். போன தடவை வந்த காய்ச்சலை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அடுத்த சுற்றில் அணுக்களை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசியைச் சேர்க்கலாமா என்று அவர் பார்ப்பார்.

மண்டபம் வாசகி: மருந்து ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தமா?

ஆர்-சாப் கூட்டில் உள்ள டாக்ஸோரூபிசின் மருந்தின் நிறம் அது. ஓரிரு நாளில் தெளியும். அதற்கு மேலும் சிவப்பு இருந்தாலோ, எரிச்சலோ ரத்தக்கட்டியோ வந்தாலோ காட்டுங்கள். அதே கூட்டில் உள்ள சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். தண்ணீர் குடிக்கச் சொல்லி நச்சரிப்பது அதற்காகத்தான்.

தொண்டி வாசகர்: இரண்டு சுற்றிலேயே கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது. மீதியை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போகலாமா?

கைக்குத் தட்டுப்படாத கட்டி உள்ளே இருக்கலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை ஸ்கேன் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாதியில் விட்டுத் திரும்பி வரும் நோய்க்கு வைத்தியம் இன்னும் கடினம். கடல் விஷயத்தில் சங்கடம் வேறு: கூட்டில் உள்ள வின்கிரிஸ்டின் மருந்து விரல் நுனியை மரத்துப்போக வைக்கும். தூண்டிலின் நைலான் நரம்பு அறுத்தாலும் உறைக்காது. அணுக்கள் குறைந்த நாளில் அந்தக் காயத்தில் கடல்நீர் பட்டால், அதிலுள்ள விப்ரியோ கிருமி உயிருக்கே உலை வைக்கலாம். சிகிச்சை முடியும்வரை வலை, மீன் முள், சிப்பி எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, மூன்று நாளாக மலம் இறங்காவிட்டாலோ அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்; அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

கீழக்கரை வாசகி: கருவாடு சாப்பிடலாமா?

நன்றாக வெந்திருந்தால், எப்போதாவது கொஞ்சம். ஆர்-சாப் கூட்டில் உள்ள பிரெட்னிசலோன் மாத்திரை சாப்பிடும் ஐந்து நாளும் வேண்டாம். அந்த மாத்திரையே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சர்க்கரையையும் ஏற்றும்.