ரைபிளுக்கு வேறு ஸ்டாக் (தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டைப் பகுதி) வாங்கினால் நாமே மாட்டிக்கொள்ளலாமா, கடையில்தான் கொடுக்க வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

எந்த ரைபிள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் டெக்சாஸில் இருப்பதாகவும், ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டியதிலிருந்து கன்னம் சரியாகப் பதியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் .22 என்ற சின்னத் தோட்டா போடும் ருகர் 10/22 என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் ரைபிளாகப் பலர் வாங்குவது அதைத்தான். அதுதான் என்றால் பொருத்துகூலி என்று யாருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் கொஞ்சம் காட்டமாகச் சொல்கிறேன் என்று தெரியும். நான் ஐந்தடி நான்கு அங்குலம். ஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு விழுகிறது என்று கடையில் போய்ச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னும் விலை கூடிய ஒரு ஸ்கோப்பை எடுத்து வைத்தார். ஸ்கோப் இல்லை, ஸ்டாக்தான் எனக்குப் பெரிசு என்றேன். சரி, அப்படியென்றால் எங்களிடமே வாங்கி எங்களிடமே பொருத்தக் கொடுங்கள், நீங்களே கழற்றினால் துப்பாக்கி பாழாகிவிடும் என்றார். மூன்று தலைமுறையாகத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

விஷயம் எளிமையானது. 10/22-வின் ஃபேக்டரி ஸ்டாக்கில் ட்ரிகரிலிருந்து தோளில் பதியும் முனை வரை 13.5 அங்குலம். என் கைக்கு அது நீளம், கழுத்தை முன்னால் நீட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கன்னம் வைக்கும் மேடும் தாழ்வு. சாதாரண இரும்பு சைட்டுக்கு அது சரி, ஸ்கோப் மேலே ஏறியதும் கண் எட்டாது, கன்னத்துக்குப் பதிலாகத் தாடைதான் மரத்தில் உட்காரும். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனிச் சதை வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். துல்லியமான முறை இல்லை, ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டிவிடும். எனக்குப் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

அதனால் மேக்புல் கம்பெனியின் ஹன்ட்டர் எக்ஸ்-22 என்ற பிளாஸ்டிக் ஸ்டாக்கை வாங்கினேன். நடுவில் துண்டுகளைச் சேர்த்தும் எடுத்தும் 12.5 முதல் 14.5 அங்குலம் வரை மாற்றிக்கொள்ளலாம். கன்னத்தை உயர்த்தும் துண்டைத் தனியாக வாங்க வேண்டும். பாரல் (குழல்) உட்காரும் தட்டைத் திருப்பிப் போட்டால் தடித்த பாரலுக்கும் ஆகும். பிளாஸ்டிக்கா என்று முகம் சுளிப்பவர்களுக்கு பாய்ட்ஸ் என்ற கம்பெனி மரத்தில் செய்கிறது, அதை வாங்கலாம். அழகு அதற்குத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

    

மாட்டும்போது முதலில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுங்கள், போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் துண்டை) இழுத்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பாரலைச் சுற்றி வளையம் இருந்தால் அதைக் கழற்றுங்கள். மேகசினுக்கு முன்னால் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ, அதைக் கழற்றுங்கள். இனிமேல்தான் பலரும் மாட்டிக்கொண்டு முழிக்கும் இடம்: சேஃப்டி பட்டனை இரண்டு பக்கமும் நீட்டாமல் நடுவில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அது மரத்தில் இடிக்கும், ரிசீவர் (போல்ட், ட்ரிகர் எல்லாம் உட்காரும் உடல் பகுதி) வெளியே வராது. பாரல் பக்கம் முதலில் தூக்குங்கள். ரிசீவரில் குறுக்கே போகும் பின்களை ஸ்டாக்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, வெளியே எடுத்ததும் அவை நழுவி விழலாம். நான் மேஜையில் துண்டு விரித்து வைத்திருந்தேன். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை மல்லுக்கட்டி இறுக்காதீர்கள்.

குண்டுகள் எல்லாம் ஒரே துளையில் விழுந்தன என்று கதைவிட மாட்டேன். கறுப்புப் பிறை போய்விட்டது, கழுத்து வலிக்கவில்லை, அதற்குத்தான் வாங்கினேன். ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்ய (குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி திருத்த) வேண்டும், அது எப்படியும் உண்டு.

உடனே யாராவது வருவார்கள், .22-வை வைத்துக்கொண்டு பேசுகிறான் என்று. உண்மைதான், நான் கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) இல்லை. உங்களிடம் இருப்பது ரெமிங்டன் 700 மாதிரி, ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுக்கும் பெரிய போல்ட் ஆக்‌ஷன் என்றால் அதன் உள் இயந்திரம் குட்டையா நீளமா, அதாவது ஷார்ட் ஆக்‌ஷனா லாங் ஆக்‌ஷனா, ஏடிஎல்லா பிடிஎல்லா (அடிப்பக்கம் வேறுபடும் இரண்டு வகைகள்) என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், ரீகாயில் லக் (சுடும்போது வரும் பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் இரும்புத் துண்டு) சரியாக உட்காராவிட்டால் குண்டு போகும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், எபாக்ஸி பசை போட்டு ரிசீவரை ஸ்டாக்கில் ஆடாமல் பதிக்கும், பெட்டிங் என்கிற வேலைக்கு நல்ல ஆளிடம் காசு கொடுப்பதில் தப்பில்லை. துப்பாக்கி வைத்திருப்பதே பாவம் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கேள்வி அதுவும் இல்லை.

சட்டம் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி சீரியல் நம்பர் உள்ள ரிசீவர்தான் துப்பாக்கி, ஸ்டாக் வெறும் உதிரி பாகம், அதனால் நேராக வீட்டுக்கே வரும். கலிஃபோர்னியாவுக்கு மாறிப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் கவனம்: கழற்றும் மேகசின் உள்ள செமி ஆட்டோ (அடுத்த தோட்டா தானே ஏறும்) சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடித்து வெடிக்கும்) ரைபிளில் கட்டைவிரல் ஓட்டை வைத்த ஸ்டாக் அங்கே வம்பு. 10/22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை), அந்தப் பட்டியலில் வராது. இன்னும் எச்1பி வேலை விசாவில் இருந்தால் ஸ்டாக் பேச்சே அப்புறம். வேட்டை உரிமம் மாதிரி விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது.

பழைய ஸ்டாக்கைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.