காலியாக வரும் பட்டியல் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தமிழ் இலக்கியம் படித்துவிட்டு சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதும் வேலையில் இருக்கிறேன். இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஒரு தணிக்கைக் கருவிக்கு. சர்வர், லேப்டாப், தரவுத்தளம் என ஒரு சொத்தின் அடையாள எண்ணைக் கொடுத்தால், அது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்புக் கட்டுப்பாடுகளையும் அவற்றுக்குள் இருக்கும் உட்கட்டுப்பாடுகளையும் எடுத்துத் தரும். எல்லா அடுக்குகளையும் ஒரே பக்கத்தில் விளக்குவதா, பிரிப்பதா? “உள்ளீடுகளைப் பட்டியல் போட்டால் போதும், யாரும் படிக்கப்போவதில்லை” என்கிறார் குழுத் தலைவர். இதெல்லாம் எழுத்துதானா என்ற சோர்வும் வருகிறது.

ச.

அன்புள்ள ச.,

எழுத்துதானா என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்குச் செலவிட எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கு நேரம் இல்லை. பக்கம் ஒன்றா பலவா என்பதும் அப்படித்தான், எது வசதியோ அப்படிச் செய்யுங்கள்.

யாரும் படிக்கப்போவதில்லை என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படிப்பவர் யாரென்று நான் சொல்கிறேன். நாளைக் காலை தணிக்கை, இன்று நள்ளிரவில் விழித்திருக்கும் நிர்வாகி. திரையில் வந்திருப்பதை நம்பலாமா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு தணிக்கை நடந்தது. தணிக்கைக்கு வந்த அம்மையார் ஒரு தரவுத்தள சர்வரின் பட்டியலைத் திறக்கச் சொன்னார். ஏ.சி.-2 என்ற கட்டுப்பாடு வந்தது. அதன் உட்கட்டுப்பாடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுர அடைப்புக்குறிகள், அதாவது காலிப் பட்டியல். “இதற்கு உட்கட்டுப்பாடே கிடையாதா, இல்லை நீங்கள் கேட்கவில்லையா?” என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. தனியாகச் சொன்னாலொழிய அந்தக் கருவி முதல் அடுக்கோடு நின்றுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. கையேட்டில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. திட்டு வாங்கியதோ வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பையன். அவன் முகம் சுண்டிப்போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று பாருங்கள். அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2020-இல் வெளியிட்ட, 800-53 என்ற பாதுகாப்புக் கட்டுப்பாட்டுத் தொகுப்பின் ஐந்தாம் திருத்தத்தில், கட்டுப்பாடுகள் 20 குடும்பங்களாக இருக்கின்றன. ஏ.சி.-2 பயனர் கணக்குகளை நிர்வகிப்பது. அதற்குள் 3 என்ற எண்ணில் இருப்பது, காலாவதியான, பயன்படாத கணக்குகளை முடக்கச் சொல்வது. துணைத் தொகுப்பான 800-53பி-யின்படி, தாழ்ந்த பாதிப்பு நிலையில் உள்ள, அதாவது பாதுகாப்பு உடைந்தால் சேதம் குறைவாக இருக்கும் அமைப்புக்கு ஏ.சி.-2 மட்டும் போதும். நடுத்தர நிலைக்கு அதன் உட்கட்டுப்பாடுகள் ஆறு சேரும், உயர்நிலைக்கு எட்டு. ஆகவே, தாழ்ந்த நிலை சர்வருக்குக் காலியாக வந்தால் அது சரியான விடை. நடுத்தர நிலை சர்வருக்கு அதே காலி வந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

காலியாக வருவதற்கு இன்னும் எத்தனையோ காரணங்கள் உண்டு. கேட்டவருக்கு அந்தச் சொத்தைப் பார்க்க அனுமதி இல்லாமல் இருக்கலாம். சொத்தை எந்தத் தரநிலையோடும் யாரும் இணைக்காமல் இருந்திருக்கலாம். தவறியவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி போட்டிருந்தால், இன்னும் பரிசோதிக்கவே படாத கட்டுப்பாடுகளும் சத்தமில்லாமல் மறைந்துபோகும். பார்ப்பவர் எல்லாம் தேறிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போவார். இந்த நிம்மதிதான் ஆபத்து, ச.! பிழைச்செய்தி வந்தால் யாராவது ஓடி வருவார்கள், காலிப் பட்டியலைப் பார்த்து யாரும் ஓடி வரமாட்டார்கள்.

உங்கள் கருவி எந்தத் தொகுப்பைப் பயன்படுத்துகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் கையேட்டின் முதல் பத்தியில் வர வேண்டும், திருத்த எண்ணோடு. ஏ.சி.-2-இன் 10-வது உட்கட்டுப்பாடு ஐந்தாம் திருத்தத்தில் விலக்கப்பட்டு மூலக் கட்டுப்பாட்டோடு சேர்க்கப்பட்டது. பழைய திருத்தத்தை வைத்துக்கொண்டு தேடுபவர், 9-க்கு அடுத்து 11 வருவதைப் பார்த்தால் கருவியில் கோளாறு என்றுதான் நினைப்பார்.

குழுத் தலைவரோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். கருவியை எழுதியவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் சொன்ன ஒவ்வொரு நிலைமையையும் உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வந்த விடையை எழுத்து மாறாமல் கையேட்டில் ஒட்டி, அதன் கீழே என்ன பொருள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். கற்பனையாக மாதிரி விடை எழுதினீர்கள் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவராலேயே இரண்டு காலிகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் அது கருவியின் குறை. அதைக் குறையாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அந்தப் பகுதியை எழுதியதும் நிறுவனத்தின் விவரங்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.