லேப்டாப்புக்காகச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: சேலம் குகையில் வீட்டோடு சேர்த்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மகள் பி.காம். சி.ஏ. (கணினிப் பயன்பாடு) முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். பெங்களூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் மகன், “ஏஐ லேப்டாப்பாவே வாங்கிடுங்க பெரியம்மா, 78,000தான். என் கார்டுல வட்டியில்லாத் தவணையில எடுத்துத் தர்றேன்” என்கிறான். என் கணவரோ லட்ச ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாம் என்கிறார். 20 மாதச் சீட்டு, இது 5-வது மாதம், கழிவு (முன்னதாக எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை) 22,000 வரை போகிறது. ஃபிரிட்ஜும் மகனின் பைக்கும் அப்படித்தான் வாங்கினோம். கையில் 25,000 இருக்கிறது. மாதம் 4,000 மிச்சம் பிடிக்கலாம். எது நல்லது?

பதில்: ‘ஃபிரிட்ஜும் பைக்கும் அப்படித்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்த வரிதான் என்னை உறுத்துகிறது.

சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரை பொறுத்தால் கைக்கு வருவது 95,000. இப்போது தள்ளி எடுத்தால் 78,000. ஆக, அவசரத்துக்கு மட்டும் 17,000 ரூபாய். நல்ல லேப்டாப் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! எடுத்த பிறகும் 15 மாதம் கட்ட வேண்டும். மாதம் ஏற ஏறக் கழிவு குறையும், அதில் உங்களுக்கு வரும் பங்கும் குறைவதால் நீங்கள் கட்டும் தொகை 5,000-ஐ நெருங்கிக்கொண்டே போகும். சீட்டு நல்ல சேமிப்புதான். ஆனால், ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலேயே எடுப்பவருக்கு அது கடன். உங்கள் கழிவில்தான் மற்றவர்கள் லாபம் பார்க்கிறார்கள்.

வட்டியில்லாத் தவணையும் வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள்ளேயே இருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். அதற்கு மேல் செயலாக்கக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் வரும். கார்டு வேறு கொழுந்தனார் மகனுடையது. ஒரு மாதம் கூலி தாமதமானால் பணத்தோடு சொந்தமும் கெடும்.

சரி, மகளுக்கு என்ன தேவை? டேலி, எக்செல், கொஞ்சம் புரோகிராமிங். இதற்கு சமீபத்திய ஐ3 அல்லது ரைசன் 5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறதா, பிறகு கூட்ட இடமுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். இடமிருந்தால் மூன்றாம் ஆண்டில் கூட்டிக்கொள்ளலாம். தினமும் பஸ்ஸில் போகிறவள் என்றால் 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள் போதும். சர்வீஸ் சென்டர் சேலத்திலேயே இருக்க வேண்டும். ‘ஏஐ’ என்ற பெயருக்காக 30,000 கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மாணவர்கள் பயன்படுத்தும் சாட்ஜிபிடி போன்றவை இணையத்தில், வேறொருவருடைய கணினியில் ஓடுபவை. சாதாரண லேப்டாப்பிலும் வரும்.

பட்ஜெட் 45,000. குறைவது 20,000. மாதம் 4,000 வைத்தால் ஐந்து மாதம், தீபாவளி சீசனில் கூலி கூடினால் இன்னும் சீக்கிரம். அதுவரை கல்லூரி லேபில் சமாளிக்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருந்தார்கள். மகளுக்கு அது கிடைக்குமா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

ஐந்து ரோடு பக்கம் கடைக்குப் போகும்போது மகளும் வரட்டும். பத்து வரி தட்டச்சு செய்து பார்க்கட்டும், கையில் தூக்கிப் பார்க்கட்டும். கடைக்காரர் தவணைப் படிவத்தை நீட்டினால், “ரொக்கத்துக்கு எவ்வளவு குறைப்பீங்க?” என்று மட்டும் கேளுங்கள். சீட்டை இந்த முறை கடைசி வரை விடுங்கள். அது முடியும்போது மகள் இரண்டாம் ஆண்டின் நடுவில் இருப்பாள், மேற்படிப்புக் கட்டணத்துக்கு அந்த 95,000 அப்படியே நிற்கும்.