எந்தக் காரில் தொடங்கலாம்?

கேள்வி: ஐரேசிங் சிமுலேட்டரில் (கணினியில் கார் பந்தயம் ஓட்டும் மென்பொருள்) நேராக ஜிடி3 காரிலேயே (ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவான பந்தயக் கார் வகை) பழகலாமா?

பதில்: முதலில் ஃபார்முலா ஃபோர்டு 1600 என்ற எளிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை ஓட்டுங்கள். ஜிடி3 காரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இரண்டும் இருப்பதால் பெடலில் காலின் தவறு வெளியே தெரியாது. ஃபார்முலா ஃபோர்டில் இவை கிடையாது, காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையும் இல்லை. பிரேக்கைப் பலமாக அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் நேரே போகும்; வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் சுழலும். ஸ்டியரிங்கைத் திருப்பும் அளவுக்கேற்ப பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே முன்சக்கரம் பூட்டுவதற்கு மருந்து.

லைம் ராக் போன்ற சிறிய டிராக்கில், செட்டப்பை (காரின் சஸ்பென்ஷன், டயர் அழுத்தம் போன்ற அமைப்புகளை) தொடாமல், 20 சுற்று விடாமல் ஓட்டுங்கள். வேகமான சுற்றைப் பார்க்காதீர்கள். சுற்றுகளுக்கிடையே வித்தியாசம் 0.3 விநாடிக்குள் வந்ததும் ஜிடி3-க்கு மாறுங்கள். நடுவில் கார் மாற்றினால் பிரேக் போடும் இடமே குழம்பிவிடும்.